கடப்பாரை படாமல் எடுத்த தரை

போன மாதம் என் மாப்பிள்ளை, அதாவது மகளின் வீட்டுக்காரர், குளியலறை டைல்ஸைத் தானே உடைத்து எடுக்கப் போவதாக அறிவித்தார். செல்போனில் யாரோ உடைப்பதைப் பார்த்துக் கற்றுக்கொண்டாராம். சிப்காட்டில் ஷிப்ட் முடித்து வந்தவர் ஒரு வாய் காபி கூடக் குடிக்காமல் சுத்தியலோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கே அடிக்கிறார் என்பது சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும். குழாய் போகும் சுவரோரத்துக்கு அவர் வந்ததும், "மாப்ளே, அங்க வாணாம்!" என்று கத்தினேன். அவர் காதில் விழவில்லை. கொஞ்ச நேரத்தில் தலை முதல் கால் வரை நனைந்துபோய் வெளியே வந்தார். மகள் அவரை முறைத்தாள். நான் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டேன்.

மறுநாள் சரிசெய்ய வந்த டைல்ஸ் வேலைத் தம்பிகளுக்கு நான் ஒரு காலத்தில் தரை வேலை செய்தவள் என்று தெரிந்திருந்தது. "ஆயா, மிஷின் இல்லாத காலத்துல பழைய தரையெல்லாம் எப்படி எடுத்தீங்க?" என்று கேட்டார்கள். வாயால் சொன்னது போதாதென்று, அவர்கள் தொழிலாளர் சங்கத்து மலருக்கு எழுதியே கொடுக்கச் சொல்கிறார்கள். நான் எட்டாவது வரை படித்தவள். எழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும், விஷயம் நேராக இருக்கும்.

என் பெயர் பாக்கியம். ஊர் குறிஞ்சிப்பாடிப் பக்கம், விவசாயக் குடும்பம். கல்யாணமாகிக் கடலூர் ஓ.டி.க்கு, அதாவது பழைய டவுனுக்கு, வந்தேன். வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலை. எனக்குச் சும்மா இருந்தால் உடம்பு வலிக்கும். தரை வேலை செய்யும் கபூர் மேஸ்திரியிடம் சித்தாளாகச் சேர்ந்தேன். முதலில் மண் சுமந்தேன். பிறகு கலவை போட்டேன், பிறகு சிவப்புத் தரைக்கு மெருகு ஏற்றினேன். ஓடு பதிக்கக் கற்றுக்கொண்டபோது என் தலைமுடி நரைக்க ஆரம்பித்திருந்தது. அது நீளமான கதை, இங்கே வேண்டாம்.

மேஸ்திரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லாரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவோம். குள்ளமான மனிதர். வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டு சிமென்ட் இருக்காது. எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு அறை முழுவதும் ஒரு சுற்று நடப்பார். அப்புறம் குந்தி உட்கார்ந்து கரண்டியின் மரப்பிடியால் தரையைத் தட்டுவார். கெட்டியான இடம் ஒரு மாதிரி கேட்கும், அடியில் பிடிப்பு விட்ட இடம் 'டொக் டொக்' என்று பதில் சொல்லும். பிடிப்பு விட்ட இடத்தில் ஒரு கரிக்கோடு போடுவார். அங்கிருந்துதான் எடுக்க ஆரம்பிக்க வேண்டும். அவருக்குத் தரை என்பது ஒரு ஆள். 'அவரு' என்றுதான் பேசுவார். "இவரு ரொம்ப வருசமா படுத்துகிட்டு இருக்காரு. அடிச்சி எழுப்பாத. கூப்ட்டுப் பாரு" என்பார். நாங்கள் சிரிப்போம். அவர் சிரிக்க மாட்டார்.

பழைய தரையை எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தரை போடச் சொல்கிறவர்களைக் கண்டால்தான் அவருக்குக் கோபம் வரும். ஓ.டி.யில் ஒரு கருவாட்டு வியாபாரி, எங்களிடம் கேட்டு, மேஸ்திரி மறுத்ததும், தானே போட்டுக்கொண்டார். உள்பக்கம் திறக்கும் கதவைச் சாத்தி வைத்துவிட்டு, கதவை ஒட்டி விரலளவு கனத்துக்கு சிமென்ட் பூசி, கொல்லைப் பக்கமாக வெளியே போய்விட்டார். மறுநாள் கதவு திறக்கவில்லை. அவர் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் அத்தனை பேரும் கருவாடு காயும் கொல்லை வழியாக மூக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். அந்தச் சம்பந்தம் ஆகவில்லை. காரணம் கதவா கருவாடா என்று தெருவில் ரொம்ப நாள் பேசிக்கொண்டார்கள்.

என் வேலைக்காலம் முழுவதிலும் கஷ்டமான தரை எது என்றால் சிதம்பரத்து டிராயிங் மாஸ்டர் வீட்டுத் தரைதான். அறுபதுகளின் தொடக்கம். எனக்கு அப்போது ஒரு குழந்தை இருந்தது, மாமியார் பார்த்துக்கொண்டார். காலையில் ஓ.டி.யில் பாசஞ்சர் ஏறினால் வேலை நேரத்துக்குச் சிதம்பரம் போய்விடலாம். நானும் மேஸ்திரியும் இன்னும் இரண்டு ஆட்களும் போய் வந்துகொண்டிருந்தோம்.

மாஸ்டர் பெயர் சாம்பசிவம். பள்ளிக்கூடத்தில் படம் சொல்லிக்கொடுப்பவர். தேரோடும் வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், நடுவில் முற்றம் வைத்த வீடு. சதுரமான செங்கல் ஓடு பாவிய தரை. நாங்கள் அதைத் தட்டோடு என்போம். பதித்து எத்தனையோ வருஷமாகி, இங்கே ஏறி, அங்கே இறங்கிக் கிடந்தது. வீட்டில் மூன்றே பேர். மாஸ்டர், அவர் மனைவி விசாலம், மாஸ்டரின் அம்மா. அந்த அம்மாவைத் தெருவே பெரியம்மா என்று கூப்பிடும்.

கோடை லீவு விட்டதும் மாஸ்டர் தானே கடப்பாரையை எடுத்துக் கூடத்துத் தரையைப் பெயர்க்க ஆரம்பித்திருக்கிறார். பாதிக் கூடத்தைப் பெயர்த்தார். உள்ளங்கையெல்லாம் கொப்புளம் வந்தது. எதுவரை தோண்டுவது என்று தெரியாமல் ஒரு மூலையில் கிணறு மாதிரி இறங்கியிருந்தார். அதற்கப்புறம்தான் எங்களைக் கூப்பிட ஓ.டி.க்கு வந்தார். மேஸ்திரி அந்தப் பள்ளத்தை எட்டிப் பார்த்து, "தண்ணி ஏதாவது வந்துச்சுங்களா?" என்று கேட்டார். மாஸ்டரும் சேர்ந்து சிரித்துவிட்டார். நல்ல மனிதர்.

இவ்வளவு அவசரமாக ஏன் ஆரம்பித்தார் என்று அன்று மத்தியானம் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அவரே சொன்னார். அதற்கு முந்தின வருஷம் விசாலம் உண்டாகியிருந்தபோது, தண்ணீர்க் குடத்தோடு வந்தவள் கூடத்தில் தடுக்கி விழுந்தாள். வயிற்றில் இருந்தது தங்கவில்லை. "மறுபடியும் ஒரு தடவ அவ இந்தத் தரையில நடக்கக் கூடாதுன்னு தோணிச்சு பாய். அவளுக்கு அடுத்தது நிக்கறதுக்குள்ள முடிச்சிடலாம்னு பாத்தேன்" என்றார்.

நாங்கள் கடப்பாரையும் உளியுமாக வேலையைத் தொடங்கினோம். எடுத்த ஓடுகளை நான் கொல்லையில் கொண்டுபோய் அடுக்கினேன். வெயிலில் புழுதி பறக்கக் கூடாதென்று அவற்றின் மேல் தண்ணீர் தெளித்து வைப்பேன். நனைந்த செங்கல் ஓட்டின் வாசனை எல்லாருக்கும் தெரியும். இரண்டாவது நாளோ மூன்றாவது நாளோ, நான் கூடையோடு கொல்லைக்குப் போனால், விசாலம் கிணற்றடியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். கையில் ஒரு ஓட்டுத் துண்டு. கடித்து மென்றுகொண்டிருந்தாள்.

என் மூத்தவன் வயிற்றில் இருந்தபோது சுவர் மண்ணைச் சுரண்டித் தின்றவள் நான். என் வாய் சும்மா இருக்குமா? "இன்னாம்மா, எத்தினி மாசம்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டேன்.

அவள் திரும்பினாள். முகம் வெளுத்துவிட்டது. அவள் பார்த்தது என்னை அல்ல, எனக்குப் பின்னால். பின்னால் பெரியம்மா நின்றிருந்தார்.

போன தடவை நாள் தள்ளியதுமே ஊரெல்லாம் சொல்லி, அப்புறம் ஊரெல்லாம் துக்கம் விசாரித்ததால், இந்தத் தடவை வயிறு தானாகத் தெரியும்வரை வாயைத் திறப்பதில்லை என்று அவள் முடிவு செய்திருக்கிறாள். புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. அவர் ஆசையாகக் கடப்பாரையைத் தூக்கியபோது என்ன சொல்லித் தடுப்பது என்று தெரியாமல் இருந்துவிட்டாள்.

மாசமாக இருக்கும் பெண் உள்ள வீட்டில் இடிக்கக் கூடாது, வெட்டக் கூடாது, ஆணி அடிக்கக்கூடக் கூடாது. எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் அப்படித்தான். வேலை அந்த நிமிடமே நின்றது. எங்கள் ஆட்கள் இருவரும் ஏதோ குற்றம் செய்துவிட்டவர்கள் போலக் கடப்பாரையைத் தெருவில் கொண்டுபோய் வைத்தார்கள். மாஸ்டர் பெயர்த்த கூடத்தின் நடுவில் உட்கார்ந்துவிட்டார். பெரியம்மா அழவில்லை. "போன தடவ கண்ண எங்கயோ வெச்சிகிட்டு நடந்தா. இந்தத் தடவ வாயத் தொறக்கல" என்று மருமகளைச் சொன்னார். விசாலம் அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். என் வாயை நானே அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

யோசித்துப் பாருங்கள். தரையை அப்படியே விட்டால் பாதி மேடு, பாதி பள்ளம், நடுவில் ஜல்லியும் மணலும். முன்னால் இருந்ததைவிட மோசம். அடுப்படியிலிருந்து கிணற்றடிக்குப் போக அவள் அதைத் தாண்டித்தான் ஆக வேண்டும். தொடர்ந்து எடுத்தால் கடப்பாரைச் சத்தம். பிறகு எது நடந்தாலும் அந்தச் சத்தத்தின் மேல்தான் பழி. தாய் வீட்டுக்கு அனுப்பலாம் என்றால் அவளுக்குத் தாய் இல்லை, ஒரே அண்ணன் மலேயாவில். இந்த நேரத்தில் வேறு வீடு மாறுவதும் ஆகாது. மறுபடியும் அவள் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்பது மாஸ்டர் முகத்தில் எழுதியிருந்தது.

ஆட்களில் ஒருவன் மேஸ்திரியின் காதில், "இதெல்லாம் பாத்தா வேல ஆவுமா பாய்? அவுங்கள ஒரு வாரம் பக்கத்து வூட்ல உக்கார வெச்சிட்டு முடிச்சிடலாம்" என்றான். மேஸ்திரி, "தரைய எடுக்கத்தான் வந்தோம். அந்தம்மா மனசுல இருக்கறத எடுக்க வரல" என்று சொல்லிவிட்டு, பெரியம்மாவுக்கு எதிரில் போய்க் கைகட்டி நின்றார்.

"அம்மா, ஒரு சந்தேகம். இடிக்கக் கூடாது. சரிங்களா?"

"கூடாது."

"வெட்டக் கூடாது?"

"இரும்பே படக் கூடாது, பாய். சத்தம் கேக்கக் கூடாது."

"சரிம்மா. தரையக் கழுவலாமா?"

பெரியம்மா அவரை ஒரு மாதிரி பார்த்தார். "கழுவாம? வூட்டக் கழுவாம இருப்பாங்களா?"

"கழுவும்போது தானா ஒரு கல்லு ஆடுச்சின்னா, கையில எடுத்து ஓரமா வெக்கலாமா?"

அப்போதுதான் விசாலம் அன்றைக்கு முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "அண்டா வெச்சிருக்கற எடத்துல கல்லெல்லாம் கையில வருதுங்க. தெனம் தண்ணி சிந்தி சிந்தி ஆடிப் போச்சு. நான்தான் திருப்பித் திருப்பி வெச்சிகிட்டு இருக்கேன்."

மேஸ்திரி போய் அந்த இடத்தில் கை வைத்துப் பார்த்தார். ஒரு ஓட்டைத் தூக்கினார். அடியில் சுண்ணாம்பு குறைவு, மணல் ஜாஸ்தி. ஊறினால் விட்டுவிடும். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். "மகராசி, வழி காட்டிட்டாங்க" என்றார். பெரியம்மா, "கழுவறதுன்னா கழுவுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அப்படித்தான் கழுவ ஆரம்பித்தோம். வேலை எப்படி நடந்தது என்று தம்பிகள் கேட்டதால் சொல்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு பட்டை மட்டும். முதல் நாள் மாலையே அந்தப் பட்டையின் மேல் சாக்கைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி விடுவோம். காலையில் சாக்கை எடுத்துவிட்டு, மூங்கில் சிம்பைச் சீவி, ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையில் இருக்கும் சுண்ணாம்பைச் சுரண்டுவோம். எனக்கு விரல் மெலிசு, இணைப்பெல்லாம் என் பொறுப்பு. பிறகு காய்ந்த மரத்தில் சின்னச் சின்ன ஆப்பு செய்து இணைப்பில் கையால் அழுத்தி வைப்போம். தட்டக் கூடாதே! ஆப்பின் மேல் தண்ணீர் விட்டால் அது ஊதும். ஊத ஊத ஓடு மெல்ல எழும்பும். மத்தியானச் சாப்பாட்டுக்குள் கையோடு வந்துவிடும். தொழிலில் எத்தனையோ தரையை எடுத்திருக்கிறேன். ஓடு உடையாமல் முழுசு முழுசாக வந்தது அங்கேதான். மேஸ்திரி ஒவ்வொரு ஓட்டையும் இரண்டு கையாலும் தூக்கி, "வாங்க, வாங்க" என்பார்.

ஈரத் தரையில் விசாலம் வழுக்கக் கூடாதென்று அடுப்படியிலிருந்து கிணற்றடி வரை பலகை போட்டு, அதன் மேல் சாக்கை விரித்து, மாஸ்டர் இரண்டு பக்கமும் கயிறு கட்டிவிட்டார். அவள் அதில் நடக்கும்போதெல்லாம் அவர் படம் போடுவதை நிறுத்திவிட்டுப் பார்ப்பார். அவள், "பாலத்துல போற மாதிரி இருக்குது" என்று சிரித்தாள். அந்த வீட்டில் அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று, அடுப்படி நிலைவாசலுக்கு முன்னால் வரும்வரை. அங்கே ஒரு முறம் அளவுக்கு சிமென்ட் ஒட்டு ஒன்று இருந்தது. பெரியம்மாவின் புருஷன் உயிரோடு இருந்தபோது, ஓடு போன இடத்தில் யாரையோ வைத்துப் பூசியது. தண்ணீர் ஊற்றினோம், சாக்குப் போட்டோம், ஆப்பு வைத்தோம். அசையவில்லை. சிமென்டுக்குத் தண்ணீர் என்ன செய்யும்? ஒரு பக்க விளிம்பு தரையைவிட விரல் கனத்துக்கு எழும்பி நின்றது. விசாலம் தடுக்கி விழுந்ததும் அந்த விளிம்பில்தான் என்று மாஸ்டர் சொன்னார்.

மேஸ்திரி வழக்கம்போல வெறுங்காலோடு அதைச் சுற்றிச் சுற்றி நடந்தார். புதுத் தரையைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டு வரலாம், ஆனால் நிலைவாசலில் கதவு இருக்கிறது, அவ்வளவு உயர்த்த முடியாது. மீதியைத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும் என்றார். மொசைக் தரைக்கு மெருகேற்றும் பாலிஷ் கல் இரண்டு கொண்டுவந்தோம். நானும் ஒரு ஆளும் எதிரெதிராக உட்கார்ந்து தண்ணீர் விட்டுத் தேய்த்தோம். தோளும் இடுப்பும் கழன்று போகும் வேலை. நாள் முழுக்கத் தேய்த்தால் ஒரு தலைமுடி கனத்துக்குத்தான் சிமென்ட் குறையும்.

இரண்டாவது நாள் பெரியம்மா வந்து பக்கத்தில் நின்றார். கொஞ்ச நேரம் பார்த்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆளை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு, எனக்கு எதிரில் உட்கார்ந்து கல்லை வாங்கிக்கொண்டார். "வாணாம்மா, உங்களுக்கு முடியாது" என்றேன். "தேங்கா தொவையல் அரைச்ச கைதான்" என்றார். அவர் கல்லை வைக்கும் முன், எவ்வளவு தேய்க்க வேண்டும் என்று பார்க்க விளிம்பின் மேல் உள்ளங்கையை வைத்து மெல்ல இழுத்தார். கை பாதியில் நின்றுவிட்டது. மறுபடியும் இழுத்துப் பார்த்தார்.

"இத்தினி ஒசரமாவா இருக்குது?" என்றார்.

"இப்ப கொஞ்சம் தேஞ்சிருக்கு. முன்னாடி இதவிட ஜாஸ்தி" என்றேன்.

"எத்தினி வருசம் இதுமேல நடந்திருக்கேன். ஒரு தடவகூட எனக்குத் தடுக்குனது இல்லயே."

மேஸ்திரி முற்றத்தில் கலவைக்கு மணல் சலித்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார். "எழுந்து நடந்து பாருங்கம்மா."

பெரியம்மா எழுந்து அடுப்படிக்குள் போய், அங்கிருந்து கூடத்துக்கு வந்தார். ஒட்டு இருந்த இடம் வந்ததும் வலது காலைக் கொஞ்சம் தூக்கி வைத்தார். தூக்கிய கால் அந்தரத்தில் இருக்க, அப்படியே நின்று குனிந்து தன் காலைப் பார்த்தார். அதுவரை தான் அதைத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது அவருக்கே தெரியவில்லை. புதிதாக வந்த பெண்ணுக்கு யார் சொல்வார்கள்?

வந்து உட்கார்ந்தார். கல்லை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார். வெகுநேரம் தேய்த்தார். பிறகு தலையைத் தூக்காமலே, "விசாலம்" என்று கூப்பிட்டார். அவள் பலகைப் பாதையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"நீ கண்ண எங்கயோ வெச்சிகிட்டு நடந்தேன்னு ஊரெல்லாம் சொன்னேன்."

பெரியம்மா கல்லின் மேல் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டார்.

"உன்மேல தப்பு இல்லம்மா. என் காலு அத எனக்குச் சொல்லவே இல்ல."

விசாலம் அந்தப் பலகையின் மேலேயே உட்கார்ந்து அழுதாள். பெரியம்மாவும் அழுதார், ஆனால் தேய்ப்பதை நிறுத்தவில்லை. நான் என் பங்குக்கு அழுதேன். மேஸ்திரி சலிப்பதை விட்டுவிட்டு, ரயிலுக்கு நேரமாகாதபோதே, ரயிலுக்கு நேரமாச்சு என்று சொல்லிக்கொண்டு வெளியே போனார். இதை எழுதும்போதும் எனக்குக் கண் கலங்குகிறது.

விளிம்பு போயிற்று. அடித்தளத்து மணலைக் கட்டையால் இடித்துக் கெட்டிப்படுத்துவதுதான் வழக்கம். அதுவும் கூடாதே, அதனால் தண்ணீர் விட்டு எல்லாருமாக மிதித்தோம். மாஸ்டர், மேஸ்திரி, நான், ஆட்கள் எல்லாரும் கூடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தோம். பெரியம்மா, "பொங்கலுக்குக் கும்மி அடிக்கிற மாதிரி இருக்குது" என்றார். அதன் மேல் சுண்ணாம்பு ஜல்லி போட்டு, சிவப்புத் தரை பூசி, நான் தேங்காய் எண்ணெய் தொட்டு மெருகேற்றினேன். மேஸ்திரி கடைசியாக ஒரு சுற்று நடந்தார். எதையும் தட்டிப் பார்க்கவில்லை.

அந்த வருஷம் மழைக்காலம் முடிந்த சமயம் பெண் குழந்தை பிறந்தது. மாஸ்டர் ஓ.டி.க்கே வந்து சொன்னார். நானும் மேஸ்திரியும் குழந்தையைப் பார்க்கப் போனோம். மேஸ்திரி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே நின்றுகொண்டார். உள்ளே வாருங்கள் என்று கூப்பிட்டதற்கு, காலில் மழைச்சேறு இருக்கிறது என்றார். விசாலம் பாயில் சாய்ந்திருந்தாள். பெரியம்மா குழந்தையைத் துணியில் சுற்றி, அடுப்படியிலிருந்து எங்களுக்குக் காட்டத் தூக்கிக்கொண்டு வந்தார். நிலைவாசல் தாண்டியதும் அந்த இடத்தில் அவருடைய வலது கால் தானாக எழும்பிற்று.

"அத்தை, அங்க ஒண்ணும் இல்ல" என்றாள் விசாலம்.

"இந்தப் பாழாப்போன காலுக்குத் தெரியலடி" என்றார் பெரியம்மா. காலை இறக்கி, தரையை ஒட்டித் தேய்த்துப் பார்த்துக்கொண்டு, அடுத்த அடி எடுத்து வைத்தார். பிறகு வாசலுக்கு வந்து குழந்தையை மேஸ்திரியின் கையில் கொடுத்தார்.